மோட்டார் ஓடும் நேரம்

(இலஞ்சியில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இலஞ்சியில் நின்றுகொண்டு நீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிவரும் சிற்றாற்று நீரை அணையில் மறித்து, காலில் திருப்பி, குளத்தில் தேக்கி, மடைதோறும் முறைவைத்துப் பாய்ச்சும் வழக்கம் நம் பாட்டன்மார் காலத்திற்கும் முற்பட்டது. நீர் குறைந்த நாட்களில் மேல்மடைக்கு இன்ன நேரம், கடைமடைக்கு இன்ன நேரம் என்று வகுத்துக்கொண்டார்கள். எல்லா மடைகளையும் ஒரே வேளையில் திறந்தால் கடைமடைக்கு ஒரு சொட்டும் எட்டாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதை யார் எந்நேரத்தில் எடுப்பது என்பது மற்றொரு கணக்கு. மின்சாரத்தைப் பொறுத்தவரையில் முதற் கணக்கை மட்டுமே நாம் பேசிவருகிறோம். இரண்டாவது கணக்கை உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கவே இன்று வந்திருக்கிறோம்.

இவ்வூருக்கு மின்சாரம் புதிய விருந்தாளி அன்று. 1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் நம் தாமிரபரணியின் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அதன் பயனாகக் கவலை ஏற்றம் இருந்த கிணறுகளில் மோட்டார் ஏறியது. பம்ப் செட்டுகளுக்கு மின் இணைப்பு வழங்குவதில் நம் மாநிலம் தொடக்க முதலே நாட்டின் முன்வரிசையில் நின்றது. ஆனால் குளத்து நீருக்கும் கம்பியில் வரும் மின்சாரத்திற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. குளத்து நீர் நாளை வரையில் காத்திருக்கும், மின்சாரம் காத்திராது. பேரளவில் அதைச் சேமித்து வைப்பது இன்றும் செலவு மிகுந்த காரியமாகவே இருக்கிறது. ஆகவே நாடு முழுவதும் ஒரு கணத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அவ்வளவு அதே கணத்தில் உற்பத்தியாக வேண்டும். செலவு மிகுந்து உற்பத்தி பின்தங்கினால் விநாடிக்கு 50 சுற்று என்ற அளவு இறங்கும். அது எல்லை மீறி இறங்கினால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே விலகிக்கொள்ளும். மின்வழிகளில் தாங்கமுடியாத சுமை ஏறினாலும் இவ்வாறே தொடர்ச்சியாக அறுந்துபோகும். 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் வட இந்தியா இருளில் மூழ்கியதற்கு மின்வழிகளின் மீது ஏறிய மிகைச்சுமை ஒரு முக்கிய காரணம். இரண்டாம் நாளில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. தென்னாட்டு மின்தொகுப்பு அப்பொழுது அதனோடு முழுமையாக இணைக்கப்படாமல் இருந்ததால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 அன்று நாமும் அதனோடு இணைந்தோம். ஆகவே இன்று எங்கோ ஓரிடத்தில் நேரும் தள்ளாட்டம் நமக்கும் உரியதே.

ஒரு நாளின் மின்சுமை எப்படி இருக்கும் என்பதை ஒரு தாளில் கோடாக வரைந்து பார்த்தால், அது நம் மேற்கே தெரியும் மலைத்தொடரைப் போல ஏறி இறங்கும். நள்ளிரவுக்குப் பின் தாழ்ந்து கிடக்கும். விடியற்காலையில் தண்ணீர் மோட்டாரும் மிக்ஸியும் இயங்க, ஒரு குன்று எழும். அந்தி சாய்ந்ததும் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, கடைத்தெரு எல்லாம் ஒருங்கே சேர்ந்து ஒரு சிகரம் எழும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அத்தகைய ஒரு நாளின் சில மணி நேரத்திற்காக நிலையமும் கம்பியும் மின்மாற்றியும் அமைத்தாக வேண்டும். மற்ற நேரங்களில் அவற்றில் ஒரு பகுதி சும்மா கிடக்கும். குற்றாலத்து சீஸனைப் பாருங்கள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் நிற்க இடமின்றி நெரியும் விடுதியும் பேருந்து நிலையமும் மாசி, பங்குனியில் ஈயோட்டிக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப்பேர் செவ்வாய்க்கிழமை வருவார்களானால் புது விடுதி ஒன்றும் கட்டவேண்டியதில்லை அல்லவா? மின்சாரத்தில் அவ்வாறு செவ்வாய்க்கிழமைக்கு மாற்றக்கூடியது எது, மாற்றமுடியாதது எது என்று பிரித்தறிவதே நம் முன் உள்ள வேலை.

பிள்ளைகள் படிக்கும் விளக்கை நண்பகலுக்கு மாற்ற முடியாது. இரவில் முதியோருக்குச் சுழலும் விசிறியை மாற்ற முடியாது. நீர் இறைப்பதை மட்டும் மாற்றலாம். நண்பகலில் மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிய நீர் மறுநாள் காலை வரையில் அங்கேயே இருக்கும். பகலில் பாய்ச்சிய வயலும் இரவில் பாய்ச்சிய வயலும் ஈரத்தில் வேறுபடுவதில்லை. வெயிலில் சிறிது ஆவியாகும் என்பது மெய்யே. இரவு பாய்ச்சலில் தூங்கிப்போய் வரப்பு உடைந்து வீணாகும் நீர் அதைவிடக் குறைவென்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். மின்சாரத்தைச் சேமிக்க முடியாது, நீரைச் சேமிக்கலாம். ஆனைமலைத் தொடரில் உள்ள காடம்பாறை மின்நிலையம் இவ்வடிப்படையில்தான் அமைந்தது. 400 மெகாவாட் திறன் கொண்ட அந்நிலையம், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேல் நீர்த்தேக்கத்திற்கு நீரை ஏற்றி வைக்கிறது. தேவை மிகும் நேரத்தில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறது. நம் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி மின்சாரம் தராது. ஆயினும் சிகர நேரத்தில் மின்சாரம் கேட்காமல் இருக்க அதனால் முடியும்; பயன் ஏறக்குறைய ஒன்றே.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஓர் ஊரை மனத்தில் கற்பித்துக்கொள்வோம். இது எந்த ஊரின் புள்ளிவிவரமும் அன்று. சிந்திப்பதற்காக நாம் எடுத்துக்கொண்ட மாதிரி. அவ்வூரில் 600 வீடுகள். 5 குதிரைத்திறன் மோட்டார்கள் 120. ஒவ்வொன்றும் ஓடும்போது 5 கிலோவாட் இழுக்கிறது; நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஓடவேண்டும். ஊராட்சியின் குடிநீர் மோட்டார்கள் சேர்ந்து 14 கிலோவாட், தெருவிளக்குகள் 3 கிலோவாட், பகலில் ஓடும் மாவு மில் 20 கிலோவாட். வீடுகள் எல்லாம் சேர்ந்து காலையில் 180, நண்பகலில் 60, முன்னிரவில் 240 கிலோவாட் எடுக்கின்றன என்று கொள்வோம்.

முதலில், மோட்டார்களில் பாதி காலை 6 முதல் 10 வரையிலும், மறுபாதி மாலை 6 முதல் 10 வரையிலும் ஓடுவதாக வைப்போம். குடிநீர் மோட்டாரும் மாலையில் ஓடுகிறது. மாலைச் சிகரம் எவ்வளவு? வீடுகளுக்கு 240, பம்ப் செட்டுகளுக்கு 300, குடிநீருக்கு 14, தெருவிளக்குக்கு 3. ஆக 557 கிலோவாட். அதே ஊர் நண்பகலில் எடுப்பது 80 கிலோவாட் மட்டுமே. ஏழு பங்கு வித்தியாசம்!

"அப்படியானால் எல்லா மோட்டாரையும் நண்பகலுக்கு மாற்றிவிடலாமே" என்று தோன்றும். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. போட்டுப் பார்ப்போம். பகல் 12 மணிக்கு 120 மோட்டார்களும் ஓடினால் 600. வீடு 60, மில் 20, குடிநீர் 14. ஆக 694 கிலோவாட். மாலைச் சிகரம் 243-க்கு இறங்கிவிட்டது. ஆனால் பழைய சிகரத்தைவிட உயரமான புதுச் சிகரம் நண்பகலில் எழுந்துவிட்டது. மலையை உடைக்கவில்லை, இடம் மாற்றி உயர்த்தியிருக்கிறோம். மாநிலம் முழுவதற்கும் நண்பகலில் மின்சாரம் மிஞ்சியிருக்கலாம். நம் ஊர் மின்மாற்றிக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன்மேல் ஏறிய சுமைதான்.

மூன்றாவதாக, மோட்டார்களை இரண்டு அணிகளாகப் பிரிப்போம். ஓர் அணி காலை 8 முதல் 12 வரை. மற்றோர் அணி 12 முதல் 4 வரை. இப்பொழுது பகற்சுமை 300, 60, 20, 14 என்று கூடி 394 கிலோவாட். மாலையில் 243. ஊரின் மிக உயர்ந்த சுமை 557-இலிருந்து 394 ஆயிற்று. ஒரு வயலுக்கும் ஒரு நிமிஷப் பாய்ச்சல் குறையவில்லை. மின்சாரத்தில் ஒரு யூனிட்டும் நாம் வெட்டவில்லை. நேரத்தை மட்டும் பங்கிட்டோம். இதன் மேல், தேய்ந்துபோன பழைய மோட்டார்களையும் அடைத்துக்கொண்ட புட்வால்வுகளையும் மாற்றி, ஒவ்வொரு மோட்டாரும் 5-க்குப் பதில் 4 கிலோவாட் எடுக்கும்படி செய்தால், பகற்சுமை 334-க்கு வந்துவிடும். பழைய மோட்டாரை மாற்றுவதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் கிடைத்துவருவதை இங்கே நினைவூட்டுகிறோம்.

மற்றோர் ஆதாயமும் உண்டு. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரட்டித்தால், வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும். சுமையைப் பரப்பினால் இந்த நஷ்டம் குறைவதோடு, கடைசிக் கம்பத்தில் வோல்டேஜும் நிற்கும். கடைமடைக்காரருக்கு நீர் எட்டாத துயரத்தை அறிந்தவர்கள் நீங்கள். மின்சாரத்தில் கடைக்கம்பத்துக்காரர் இருக்கிறார். வோல்டேஜ் தாழ்ந்தால் அவருடைய மோட்டார் அதே வேலைக்கு அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடேறும், காயில் கருகும், ஒரு முறை சுருள் கட்டுவதற்கு அவர் அந்தப் போகத்து ஆதாயத்தில் ஒரு பங்கைக் கொடுக்கவேண்டியிருக்கும்.

நாம் முன்னர்ப் பணிபுரிந்த ஒரு வட்டாரத்தில் கண்டதைச் சொல்ல வேண்டும். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே 100 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்றின் கீழ் 30 மோட்டார்கள் இருந்தன. அத்தகைய மின்மாற்றி 5 குதிரைத்திறன் மோட்டார்கள் 16 அல்லது 17-ஐத்தான் சுகமாகத் தாங்கும். அத்தனை மோட்டாரிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் வந்த அடுத்த கணமே முப்பதும் எழுந்து நிற்கும். மோட்டார் புறப்படும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பியூஸ் போவது அன்றாடக் காட்சியாயிற்று. போன பியூஸுக்குப் பதில் தடித்த கம்பியைக் கட்டினார்கள். ஒரு சித்திரை மாதத்தில் மின்மாற்றியே எரிந்துபோயிற்று. மாற்று வந்து சேர 9 நாட்கள் ஆயின. காய் பிடிக்கும் பருவத்தில் இருந்த நிலக்கடலை அந்த 9 நாட்களும் வெயிலைத்தான் குடித்தது.

அதன் பிறகுதான் அவ்வூர் விவசாயிகள் ஆலமரத்தடியில் கூடினார்கள். இரட்டைப்படைக் கம்பம் முற்பகல், ஒற்றைப்படைக் கம்பம் பிற்பகல் என்று முறை வகுத்தார்கள். ஆட்டோ ஸ்டார்ட்டரில் இருந்த டைமரை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிமிஷத்திற்குத் திருப்பினார்கள். எல்லாரும் உடனே இசைந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டோம். இருவர் கடைசி வரையில் இசையவில்லை. அவர்கள் மோட்டார் இரு முறையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் கடைக்கம்பத்தில் நிலம் வைத்திருந்த ஒரு விதவைத் தாயாரின் மோட்டார், இரண்டு ஆண்டுகளாக வெறும் உறுமலோடு நின்றது, அந்த வாரத்தில் நீர் தூக்கியது. அவர் நம்மிடம் சொன்னது ஒன்றே: "ராத்திரி டார்ச் லைட்டோடு போகவேண்டியதில்லை ஐயா." மின்சுமைக் கோட்டில் அந்த ஒரு மோட்டார் கண்ணுக்கும் தெரியாது.

இரவு பாய்ச்சலைப் பற்றி இம்மலையடிவாரத்தில் நாம் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. வரப்பில் கண்ணாடி விரியன், வயலில் காட்டுப்பன்றி, வடகரை, மேக்கரைப் பக்கம் யானை. மும்முனை மின்சாரத்தை நாள் முழுவதும் அல்லாமல் பகலில் சில மணியும் இரவில் சில மணியுமாக முறைவைத்து வழங்கும் வழக்கம் நம் மாநிலத்தில் நெடுங்காலம் இருந்துவந்தது. சிகர நேரத்தைத் தாழ்த்த அன்று அதுவே கைக்கெட்டிய வழியாக இருந்தது. 2008 முதற்கொண்டு சில ஆண்டுகள் கடும் பற்றாக்குறை நிலவியபொழுது தொழிற்சாலைகளுக்கும் மாலை நேரத்தில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வீடுகள் மணிக்கணக்கில் இருண்டன. அறுத்துக் குறைப்பதும் ஒரு வகைச் சுமை மேலாண்மைதான். ஆனால் எதை அறுப்பது என்பதை விவசாயி தீர்மானிக்கவில்லை.

இன்று நிலைமையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. சூரிய மின்சாரம் பெருகிவிட்டது. அது காலை 9 மணிக்கு மேல் ஏறி, நண்பகலில் உச்சத்தை அடைந்து, அந்தி நேரத்தில், அதாவது நாம் விளக்கேற்றும் அதே நேரத்தில், மறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2013-இல் இதைக் கோடாக வரைந்து பார்த்தார்கள். சூரிய மின்சாரத்தைக் கழித்தபின் நண்பகலில் வயிறு தொங்கி, அந்தியில் கழுத்து நிமிர்ந்த அந்தக் கோடு வாத்தைப் போல இருந்ததால், வாத்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேடிக்கையான பெயராயினும் கவலை உண்மையானது: நண்பகலில் மிச்சம், அந்தியில் பஞ்சம். அந்த வயிற்றை நிரப்பக்கூடியது நம் கிணற்று மோட்டார். குஜராத்தில் 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் வீட்டுக் கம்பியையும் வயற் கம்பியையும் பிரித்து, வயலுக்கு நாள்தோறும் 8 மணி நேரம், முன்னறிவித்த நேரத்தில் மின்சாரம் வழங்கினார்கள். அதே மாநிலத்தில் 2020-இல் பகல்நேர மின்சாரத்திற்கென்றே வேறொரு திட்டம் தொடங்கிற்று.

நம் பகுதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனி, ஆடியில் சாரல் விழும்பொழுது இலஞ்சியில் சூரியனைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் அப்பொழுது செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சுரண்டை, ஊத்துமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. சிற்றாற்றிலும் நீர் ஓடுவதால் கார் பருவத்தில் மோட்டாரின் தேவையும் குறைவு. பிசானத்தின் கடைசித் தண்ணீருக்கும், அதன் பின் வரும் கோடைப் பயிருக்கும்தான் கிணற்றை நம்புகிறோம். அந்த மாசி, பங்குனி, சித்திரையில் வானம் வெளுத்து வெயில் கொளுத்துகிறது. மோட்டார் வேண்டிய காலமும் சூரிய மின்சாரம் மிகும் காலமும் நம் ஊரில் ஒன்றாக அமைந்திருக்கின்றன.

இங்கே நேர்மையாக ஒரு கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். 1990-ஆம் ஆண்டை ஒட்டி நம் மாநிலத்தில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. "நமக்குக் கட்டணமே இல்லை, எந்நேரம் ஓட்டினால் என்ன?" என்று ஒருவர் கேட்டால் தவறில்லை. மத்திய அரசாங்கம் 2023-இல் திருத்திய விதிகளின்படி, நேரத்திற்கேற்ற கட்டணத்தில் சூரிய நேரத்து விலை வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும். சிகர நேரத்து விலை உயர்ந்திருக்க வேண்டும். விவசாயம் அதிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. எனவே நேரத்தை மாற்றினால் உங்களுக்குக் காசு மிச்சம் என்று நாம் சொல்லப்போவதில்லை. மிஞ்சுவது மோட்டார் காயில், மின்மாற்றி, இராத் தூக்கம். ஓர் அச்சமும் நமக்கு உண்டு: பகலில் தாராளமாக மின்சாரம் கிடைத்தால் வேண்டியதற்கு மேல் இறைத்துவிடுவோமோ என்பது. கிணற்றின் அடிமட்டம் இறங்கினால் எந்த முறையும் பயன்படாது. அணிக்கு 4 மணி நேரம் என்று வைத்த வரம்பை 6 ஆக்கிக்கொள்ளாமலிருப்பது அணிக்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

ஊராட்சி மன்றத்தாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் ஊராட்சியின் நிதியிலிருந்தே போகிறது. தொட்டியை மாலை 5 மணிக்கு நிரப்பத் தொடங்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. காரணம் கேட்டால், "எப்போதும் அப்படித்தான்" என்பதே விடை. தொட்டி சிறிதாயிருந்து இருமுறை நிரப்பவேண்டிய ஊர்கள் உண்டு, அவற்றை வற்புறுத்தமாட்டோம். மற்ற ஊர்களில் பகல் 11 மணிக்கு நிரப்பினால் ஆகாத காரியம் ஒன்றுமில்லை. தொட்டி ஒழுகாமல் இருந்தால் போதும்!

எங்கே தொடங்குவது? கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாரத்திற்கு, ஒவ்வொரு மின்மாற்றியின் கீழும் எந்த மோட்டார் எந்த மணியில் ஓடிற்று என்பதை எழுதி வைத்தாலே போதும். நாம் கொண்டுவந்த தாள்களில் 24 கட்டங்கள் அச்சிட்டிருக்கிறது. கட்டத்திற்கு ஒரு மணி. மோட்டார் ஓடிய மணிக்குரிய கட்டத்தில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். எண்ணிக்கையை 5-ஆல் பெருக்கினால் அந்த மணியின் சுமை கிலோவாட்டில் வந்துவிடும். தொட்டி இயக்கும் அன்பர் ஊராட்சி மோட்டாருக்கு எழுதட்டும். வயற்புறத்திற்கு, பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளை ஏவலாம். அவர்கள் நம்மைவிட ஒழுங்காக எழுதுவார்கள். அடுத்த மாதக் கூட்டத்திற்கு அத்தாள்களோடு வாருங்கள். மின்வாரியப் பொறியாளரையும் அழைத்திருக்கிறோம். எந்த மின்மாற்றி எந்த மணியில் மூச்சுத் திணறுகிறது என்பதை அவர் முன்னிலையிலேயே பார்ப்போம். தாள்கள் வாசலருகே மேசைமீது இருக்கின்றன. மின்மாற்றிக்கு ஒன்று வீதம் எடுத்துச் செல்லலாம்.